பின்னமான தொட்டில்

ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையில், ஒரு மூக்குக்கண்ணாடி எழுந்தருளியிருக்கிறது.

ராவ் சாகிப் ரெங்கராஜுலு நாயுடு பழைய சிலைகளைப் பார்த்த கண்ணாடி அது. பக்கத்தில் அவருடைய குடை எழுந்தருளியிருக்கிறது. குடைக்கு அடுத்தாற்போல் அவர் கடைசியாகக் கஷாயம் குடித்த டம்ளர். இவற்றை வரிசையாகச் சேவித்து முடித்து, இன்னும் கால் வலிக்காமல் இருந்தால், அவர் ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்த சிற்பங்கள் இருக்கும் கூடத்துக்குப் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு டம்ளரிலேயே கால் வலித்துவிடும்.

ராவ் சாகிப் அரிசி மில் வைத்துச் சம்பாதித்தவர். சம்பாதித்ததைக் கல்லில் போட்டார். ஜீயபுரம் பக்கத்து வாய்க்கால்களில் தலையில்லாத, கையில்லாத, மூக்கு உடைந்த கல் பெண்களைக் குப்புறப் போட்டு ஜனங்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு புதுத் துவைகல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிப் போட்டுவிட்டு, பழையதை ஏற்றிக்கொண்டு வருவார். ஆளுக்குப் பைத்தியம் என்று துவைக்கிற துறைகளில் ஒரு கருத்து இருந்தது. வீட்டிலும் அதே கருத்துதான். 1958-ல் அவர் செத்துப்போனதும் வீட்டார் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். மகன் வரதராஜுலு வீட்டின் முன்கட்டை மியூசியமாக்கி, 'ராவ் சாகிப் கலாசந்நிதி' என்று போர்டு மாட்டி, தனக்குத் தர்மகர்த்தா என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

செத்துப்போனதும் என்று எழுதியது தப்பு. கலாசந்நிதியில் அப்படிச் சொல்லக் கூடாது. பரமபதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கதவைத் திறப்பது அங்கே திருக்காப்பு நீக்கம். விளக்குமாறு திருவலகு. பார்க்க வருகிறவன் சேவார்த்தி. மதியம் சிப்பந்திகள் சோற்றுக்குப் போவது நடை சாத்துதல். அதற்கு முன் மணி அடிப்பார்கள், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் மூக்குக்கண்ணாடியின் எதிரே கண்ணை மூடிக் கைகூப்பி நிற்க வேண்டும். கோயில் பட்டர் ஒருவர் ஒரு தடவை வந்து பார்த்தார். "பெருமாளுக்குச் சொல்றதையெல்லாம் குடைக்குச் சொல்றேளே, குடைக்கே கூச்சமா இருக்காதோ?" என்று கேட்டார். அவரைப் பிறகு கூப்பிடுவதில்லை.

இந்த இடத்துக்குத்தான் 1961 ஆனி மாதம் சாரா பீவி தன் தொட்டிலைத் திரும்பக் கேட்டுப் போனாள்.

சாரா பீவி திருச்சிப் பழைய ஊரில் நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவள். புருஷன் இல்லை. தலையணை உறை தைத்துப் பிழைப்பு. அவளைப் பெற்ற அத்தா ஷேக் தாவூது ரங்கூனில் மரக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பர்மாத் தேக்கில் ஒரு தொட்டில் செய்து கப்பலில் கொண்டுவந்தார். நாலு மூலையிலும் நாலு மாதுளம்பழம். ஒரு மாதுளையில் மட்டும் பல் பட்ட தடம் நிறைய இருக்கும். முதலில் சாரா பீவி கடித்தது. அதற்கு மேல் அவள் மகள் சுராயா கடித்தது.

ராவ் சாகிப் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார். தொட்டிலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, இரவலாகக் கேட்டார். "உங்க மக பிள்ளை பெறும்போது நானே தோள்ல தூக்கிட்டு வந்து மாட்டிவிடறேம்மா" என்றார். வார்த்தையைக் காப்பாற்றக்கூடிய ஆள்தான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

சுராயாவின் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் செத்தே பிறந்தது. இப்போது இரண்டாவது. தாய் வீட்டுக்கு வந்தவள் மாங்காய் கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை. ஒரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "இந்தப் புள்ளையையாச்சும் அதுல போடணும்மா" என்றாள். சாரா பீவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

சீட்டுக் கொடுக்கும் மேஜையில் கிளமென்ட் இருந்தார். பாலக்கரைக்காரர். ரயில்வே வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். அதனால் யார் எதைக் கேட்டாலும் எந்தப் பிளாட்பாரம் என்று சொல்கிற முகம். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இரவல்னா சொன்னீங்க?" என்றார் கிளமென்ட். "அந்த வார்த்தை இங்க கிடையாதுங்களே. முதல்ல உள்ள போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

போய்ப் பார்த்தாள். தொட்டில் கூடத்தின் நடுவில், பித்தளைச் சங்கிலியில் தொங்கியது. யாரும் நெருங்காதபடி சுற்றி நாலு பக்கமும் கயிறு. கீழே பலகை: 'நாயக்கர் காலத் திருத்தொட்டில். அரண்மனைக் கிருஷ்ண விக்கிரகம் ஆடியது. ஒரு மாதுளையில் மட்டும் காணப்படும் நுண்ணிய உளி வேலைப்பாடு உலகில் வேறெங்கும் இல்லை.' தொட்டிலுக்குள் சிவப்பு வெல்வெட் மெத்தை. மெத்தையின் மேல் ராவ் சாகிபின் பல்செட், மேல்வரிசையும் கீழ்வரிசையும், சயனக் கோலத்தில் இருந்தது.

சாரா பீவி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பல்செட்டும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அது தர்மகர்த்தாவின் திருவுள்ளத்துக்குப் போய், கமிட்டி கூடி, அவளை உள்ளே கூப்பிட ஆடி பிறந்துவிட்டது. கமிட்டி என்றால் மூன்று பேர். தர்மகர்த்தா, அவர் மனைவி, கலை ஆலோசகர். ஆலோசகர் உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். உப்பில் கல்லைக் கண்டுபிடித்தவர் கல்லில் கலையைக் கண்டுபிடிக்க மாட்டாரா என்று நியமித்திருந்தார்கள். பலகை எழுதியது அவர்தான்.

தர்மகர்த்தா வரதராஜுலு அன்பாகவே பேசினார். "பாருங்கம்மா, அப்பாவுக்குக் கலைன்னா உயிர். எங்களுக்கு அப்பான்னா உயிர். அதனால கலையைப் பத்தி நாங்க தனியாக் கவலைப்படற அவசியம் ஏற்படலை. இங்க இருக்கிறது எல்லாம் அப்பா கைபட்டது. கைபட்டது அப்பாவுக்கு வந்த காணிக்கை. சந்நிதியில வந்து யாராவது இரவல்னு சொல்லுவாங்களா? உண்டியல்ல போட்டுட்டுச் சில்லறை கேக்கிற மாதிரி இருக்கு."

"நான் போடலீங்களே" என்றாள் சாரா பீவி. "உங்க அப்பா கேட்டு வாங்கிட்டுப் போனாருங்க. டீ குடிச்சாரு."

தர்மகர்த்தாவின் மனைவி உடனே நிமிர்ந்து, எந்த டம்ளரில் குடித்தார் என்று விசாரித்தார். அது இன்னும் இருந்தால் காணிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

சாரா பீவி பல் தடத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அது உளி வேலை இல்லை, தானும் தன் மகளும் பல் முளைக்கும்போது கடித்தது என்றாள். ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார். பதினேழாம் நூற்றாண்டு வேலையைப் பாமர ஜனங்கள் தங்கள் வீட்டு விஷயமாக நினைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ளதுதான் என்றும், அதை மன்னிக்க வேண்டும் என்றும் தர்மகர்த்தாவிடம் கேட்டுக்கொண்டார். தர்மகர்த்தா மன்னித்தார்.

அதோடு விட்டுவிடவில்லை, ஒரு சலுகையும் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் அதைத் தொட்டிலில் போட்டுக்கொள்ளலாம். சேவார்த்திகள் பார்ப்பார்கள்; தொட்டில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு விளக்கமாகவும் இருக்கும். அந்த நேரத்தில் பல்செட்டை வெள்ளித் தட்டுக்கு மாற்றிவிடுவார்கள். குழந்தை அழக் கூடாது. நனைக்கக் கூடாது. தாய்க்கு முழுச் சீட்டு, பிள்ளைக்கு அரைச் சீட்டு.

"அழாத புள்ளைய என் மக ஒரு தடவை பெத்துட்டாங்க" என்றாள் சாரா பீவி. கமிட்டி நடவடிக்கையில் 'மனுதாரர் திருப்தியுடன் சென்றார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் வெளியே வரும்போது வாசலில் ஒரு கட்டை வண்டி நின்றது. அதில் வைக்கோல்கூடப் போடாமல் மூன்று கல் பெண்கள் கிடந்தார்கள். ஒருத்திக்குத் தலை இல்லை. ஒருத்திக்குக் கை முழங்கையோடு போயிருந்தது. மூன்றாமவளுக்கு மூக்கு மட்டும்தான் இல்லை. மற்றபடி அவள் யாரையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, இன்னும் முடிக்கவில்லை.

இது எங்கே போகிறது என்று கேட்டாள்.

"காவேரிக்குத்தான்" என்றார் கிளமென்ட். "பின்னமாயிருச்சாம்."

அவளுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கிளமென்ட் விளக்கினார். கோயிலில் பூஜையில் இருக்கிற விக்கிரகம் உடைந்தால் அதற்குப் பின்னம் என்று பெயர். பின்னமானதை வைத்திருக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும். இதைத் தர்மகர்த்தா எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு மயக்கமே வந்துவிட்டது: அப்பா சேர்த்ததில் முக்கால்வாசி பின்னம். அன்றிலிருந்து வாரம் ஒரு வண்டி ஆற்றுக்குப் போகிறது. காலியான இடத்தில், மூக்கும் முழியுமாகச் சிமெண்டில் செய்து பெயிண்ட் அடித்த பொம்மைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

"இனிமே ஏதாச்சும் பின்னமானா ஒரு ராத்திரிகூட உள்ள தங்கப்படாது, அதுதான் இங்க சட்டம்" என்றார் கிளமென்ட். "பெரியவரு இந்த மூக்கில்லாத அம்மாகிட்டத்தான் தினம் நின்னு பேசிக்கிட்டு இருப்பாரு."

சாரா பீவி வண்டி போகிற வரைக்கும் நின்றாள். பிறகு கிளமென்டிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கல்லுக்கு மட்டும்தானா, மரத்துக்கும் உண்டா என்று.

கிளமென்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்துக்கும் உண்டு" என்றார்.

வீட்டில் மருமகன் கலீல் குதித்தான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், கோர்ட்டுக்குப் போகலாம், பேப்பரில் போடலாம் என்றான். சாரா பீவி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கோர்ட்டுக்குப் போனா, உங்க மகன் கல்யாணத்துக்கு வந்து சேரும் மாப்புள" என்றாள். பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னாள். அந்த நாலு மாதுளையும் கழலும். பிள்ளை கடித்து எச்சிலாக்கினால் கழுவுவதற்காக, அத்தா மரத்திலேயே மரை வெட்டித் திருகு வைத்துச் செய்திருந்தார். சுராயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

அடுத்த நாள் சாரா பீவி சீட்டு வாங்கிக்கொண்டு, சேவார்த்தியாக உள்ளே போனாள். குடையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், கூடத்துக்குப் போய்த் தொட்டில் பக்கத்தில் நின்றாள். நடை சாத்தும் மணி அடித்தது. தர்மகர்த்தா, அவர் மனைவி, ஆலோசகர், சிப்பந்திகள், கும்பகோணத்தில் இருந்து வந்திருந்த ஒரு குடும்பம், எல்லோரும் மூக்குக்கண்ணாடிக்கு எதிரே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். அந்த ஊரிலேயே அவ்வளவு பேர் சேர்ந்தாற்போல் எதையும் பார்க்காமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். சாரா பீவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். மாதுளை முதலில் முரண்டு பிடித்தது. அப்புறம் பழைய பழக்கம் ஞாபகம் வந்த மாதிரி சுற்றிக்கொடுத்தது. துப்பட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து கிளமென்டிடம், "சார், உங்க தொட்டில் பின்னமா இருக்குதுங்க" என்றாள்.

கிளமென்ட் அவள் துப்பட்டி மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, ரயில் வந்துவிட்டதை அறிவிக்கிற குரலில் உள்ளே பார்த்து அறிவித்தார்.

கமிட்டி ஓடிவந்தது. தர்மகர்த்தா தலையில் கை வைத்தார். அவர் மனைவி முதல் காரியமாகப் பல்செட்டை வெளியே எடுத்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாராவது உடைத்திருப்பார்களோ என்று ஒரு சிப்பந்தி சந்தேகம் கேட்டான். ஆலோசகர் பூதக்கண்ணாடி வைத்து மூலையைப் பரிசோதித்தார். உடைந்த இடம் வழவழவென்று, உட்பக்கம் சுருள் சுருளாக இருந்தது.

"இது இன்னிக்கு உடைஞ்சது இல்லை" என்றார் ஆலோசகர். "நாயக்கர் காலத்து உடைப்பு. அந்தக் காலத்துல உடைஞ்சாக்கூட இப்படி வேலைப்பாட்டோட உடையும். இப்ப யாருக்கு இப்படி உடைக்கத் தெரியுது?"

அப்படியானால் நேற்று வரைக்கும் அந்த மாதுளை எப்படி இருந்தது என்று கிளமென்ட் கேட்கவில்லை. அவருக்குப் பென்ஷன் பத்தாது.

மறுநாளே புறப்பாடு என்று முடிவாயிற்று. சட்டப்படி அன்றைக்கே போயிருக்க வேண்டும், நாதஸ்வரக்காரர் கிடைக்கவில்லை. அதனால் தொட்டிலை ராத்திரிக்கு மாட்டுக்கொட்டகையில் வைத்தார்கள். கொட்டகை சந்நிதியில் சேராது.

மறுநாள் காலை, நாதஸ்வரம், தவுல், முன்னால் குடை, பின்னால் பல்லக்கு மாதிரி தோளில் தொட்டில். ராவ் சாகிப் சொன்னபடியே அது தோளில்தான் போயிற்று. திசை மட்டும் வேறு. பின்னாடியே கட்டை வண்டி, கூடத்தில் மிச்சமிருந்த பின்னங்களோடு. ஆடி வெள்ளம் அம்மாமண்டபத்துப் படிகளில் பாதியை முழுங்கியிருந்தது. குளிக்க வந்தவர்கள் ஈரத் துணியோடு ஒதுங்கி நின்று, யாரோ பெரிய இடத்துப் பிள்ளை போய்விட்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

தர்மகர்த்தா மேல்படியில் நின்று பிரசங்கம் செய்தார். "உடைஞ்சதை வச்சுக் காப்பாத்தறது இல்லாதவங்க பழக்கம். எங்க அப்பாவுக்கு எல்லாம் இருந்தும் அந்தப் பழக்கம் இருந்துச்சு. அவரைக் குறை சொல்லலை. அவரு சேர்த்தாரு, நாங்க சுத்தம் பண்றோம். இன்னும் ஒரு வருஷத்துல அப்பாவோட கலாசந்நிதியில ஒரு பழைய சாமான்கூட இருக்காதுன்னு இந்தக் காவேரி சாட்சியா வாக்குக் குடுக்கிறேன்."

கைதட்டினார்கள். தொட்டிலைத் தண்ணீரில் விட்டார்கள்.

அது முங்கவில்லை. ஒரு தடவை கிடுகிடுவென்று ஆடியது. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வெல்வெட் மெத்தையோடு கிழக்கே பார்த்துப் புறப்பட்டது. தர்மகர்த்தா ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தண்ணீரைப் பார்த்தார். உப்பு கரையும், கல் முழுகும், தேக்கைப் பற்றி அவர் இலாகாவில் ஒன்றும் சொல்லித்தரவில்லை. கடைசியில் தர்மகர்த்தாவே, "பரமபதத்துக்கு எழுந்தருளுது" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

பரமபதத்துக்குப் போகிற வழியில், பாலத்தைத் தாண்டி, பரிசல்காரர் பிச்சைமுத்து துடுப்போடு நின்றார். கூட கலீல். விஷயத்தைக் கேட்டதில் இருந்து பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பொணம் வரும்னு இந்த இடத்துல காத்திருக்கேன், ஆடு மாடு வரும்னு காத்திருக்கேன். தொட்டில் வரும்னு நின்னது இதுதான் முதல் தடவைங்க பாய்" என்றார். அது வளைவு திரும்பி வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டுத் துடுப்பை அழுத்தினார். கலீல் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, சங்கிலி மாட்டும் வளையத்தைப் பிடித்தான்.

அதே நேரத்தில் அம்மாமண்டபத்தில் கட்டை வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கல்லுக்கு மிதக்கத் தெரியாது. அவர்களுக்காகப் பாலத்துக்குக் கீழே யாரும் காத்திருக்கவுமில்லை. அவர்களை இரவல் கொடுத்தவர்கள் செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்.

ஆவணியில் சுராயாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்தவுடனே தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதது. சாரா பீவி அதை நிறுத்தச் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் தொட்டிலில் போட்டார்கள். கிளமென்டையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பிரியாணியைத் திருப்தியாகச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, நாலு மாதுளையோடு ஆடிக்கொண்டிருந்த தொட்டிலைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நல்ல தொட்டில். எங்கேயும் பாத்த மாதிரி இல்லையே" என்றார்.

"புதுசுங்க" என்றாள் சாரா பீவி.

கலாசந்நிதியில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்து, கயிறு கட்டி, 'இங்கே திருத்தொட்டில் எழுந்தருளியிருந்தது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கூட்டம் முன்னைவிட அதிகம். தொட்டில் இருந்தபோது வந்தவர்கள் பல்செட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது நின்று கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். மறுவருஷம் சித்திரையில் சென்னையில் இருந்து சர்க்கார் அதிகாரி ஒருவர், ராவ் சாகிப் சேர்த்த சோழர் காலச் சிற்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். அவருக்கு மாலை போட்டு வரவேற்று, மூக்குக்கண்ணாடியைக் காட்டினார்கள். அவர் டம்ளர் வரைக்கும் வந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு அம்மாமண்டபத்தில் தண்ணீர் வடிந்து மணல் தெரிந்தது. படிக்குக் கீழே துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கோடையில் நல்ல கல்லாக நாலைந்து கிடைத்திருந்தன. ஒன்று மட்டும் மல்லாக்கக் கிடந்தது. முகம் துணியைக் கிழிக்கிறது என்று அதைக் குப்புறத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதே சித்திரையில் பேரனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்தது. தடம் இருக்கிற மாதுளையைத் தேடிப்பிடித்து, அதற்கு மேலேயே கடித்தான். சாரா பீவி அதைத் திருகிக் கழற்றி, கழுவி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். நாயக்கர் காலத்து வேலைப்பாடு இன்னும் முடியவில்லை.